பண்டிகைக்கு வீட்டிலேயே கிரீம் லிக்யூர்: முதல்முறை செய்பவர்களுக்கு

பண்டிகை விடுமுறையில் நாலு பேர் கூடியிருக்கும்போது, சாப்பாடு முடிந்தபிறகு சின்னக் கிளாஸில் ஜில்லென்று ஊற்றிக் கொடுக்க கிரீம் லிக்யூர் மாதிரி ஒன்று கிடையாது. விஸ்கி, கிரீம், சர்க்கரை, கொஞ்சம் காபி, கொஞ்சம் கோகோ, அவ்வளவுதான் விஷயம். அடுப்பில் வைக்க வேண்டியது கொஞ்சம் வெந்நீர் மட்டும். கலக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இருந்தும் முதல்முறை செய்கிற பலருக்கு அது பாட்டிலுக்குள்ளேயே திரிந்து, மேலே வெண்ணெய்த் துணுக்கும் கீழே தண்ணீருமாக நின்றுவிடுகிறது. அப்போது எல்லாரும் கிரீமைக் குறை சொல்வார்கள், இல்லை விஸ்கியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் இரண்டிலும் தப்பில்லை. எதை எதில் ஊற்றினோம், எவ்வளவு மெதுவாக ஊற்றினோம், ஊற்றும்போது எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது, இந்த மூன்றும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் அளவுகளைவிட அந்த மூன்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ருசி மாறும், அவ்வளவுதான். வரிசை மாறினால் பாட்டிலையே கொட்ட வேண்டியிருக்கும்.

கடையில் கிடைக்கும் கிரீம் லிக்யூர்களில் எல்லாருக்கும் தெரிந்தது பெய்லிஸ். அயர்லாந்தின் கில்பீஸ் நிறுவனம் 1974-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் ஆல்கஹால் 17 சதவீதம். திறந்தாலும் திறக்காவிட்டாலும் 24 மாதம் வரை ருசி மாறாது என்று அதைத் தயாரிப்பவர்கள் உத்தரவாதம் தருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நாம் செய்வதும் அப்படியே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. தொழிற்சாலையில் கிரீமை மிக அதிக அழுத்தத்தில் நுண்ணிய துளை வழியாகச் செலுத்தி, கொழுப்புத் துளிகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உடைத்துவிடுகிறார்கள். கிரீம் லிக்யூர் தயாரிப்பில் அந்தத் துளிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சோடியம் கேசினேட் போன்ற பொருள்களும் சேர்ப்பது உண்டு. நம்மிடம் இருப்பது ஒரு கம்பிக் கரண்டியும் ஒரு ஃப்ரிட்ஜும். எனவே வீட்டு லிக்யூரின் ஆயுள் இரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டு, அதற்குள் காலியாகிற அளவுக்கு மட்டும் செய்யுங்கள். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிற மாதிரிதான் இங்கே அளவு சொல்கிறேன், 50 மில்லி கிளாஸ் கணக்கில் 18, 19 வரும். கூட்டம் பெரிதென்றால் இரண்டு தடவை தனித்தனியாகச் செய்யுங்கள், ஒரே பாத்திரத்தில் இரட்டிப்பாக்க வேண்டாம். சின்ன அளவில் கலக்கும்போது கை சொன்னபடி கேட்கும்.

ஏன் திரிகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பிறகு வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் தானாகப் புரிந்துவிடும். பாலிலும் கிரீமிலும் கேசீன் என்ற புரதம் மிகச் சின்ன உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. புளிப்பு ஏறினால் ஒட்டிக்கொள்ளும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் நடப்பது அதுதான். ஆல்கஹால் அதிகமானாலும் ஒட்டிக்கொள்ளும். சூடு இந்த இரண்டையும் வேகப்படுத்தும். மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நமது லிக்யூரில் கடைசியாக நிற்கப்போகும் ஆல்கஹால் 15, 16 சதவீதம்தான். அந்த அளவை கிரீம் தாங்கும். ஆனால் 40 சதவீத விஸ்கியை மொத்தமாகக் கவிழ்த்தால், அது விழுகிற இடத்தில் சில நொடிகளுக்கு ஆல்கஹால் அதைவிட ரொம்பக் கூடுதலாக இருக்கும். அந்தச் சில நொடியில் அங்கிருக்கும் புரதம் கட்டிவிடும், அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் கரையாது. மெதுவாக ஊற்று, விடாமல் கலக்கு என்று சொல்வது இதற்காகத்தான். காபியையும் கோகோவையும் சூட்டோடு சேர்க்காதே என்பதும் இதே காரணம்தான், காபியில் கொஞ்சம் புளிப்பும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

கன்டென்ஸ்டு மில்க் இங்கே பெரிய உதவி. அதிலிருக்கும் ஏராளமான சர்க்கரையும் கெட்டித்தன்மையும் புரத உருண்டைகளைச் சுற்றிக் காவல் மாதிரி நிற்கின்றன, விஸ்கி வந்தாலும் சட்டென்று ஒட்டவிடாது. அதனால் விஸ்கி முதலில் சந்திக்க வேண்டியது கன்டென்ஸ்டு மில்க்கை. கிரீம் கடைசியில்தான் வரும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

விஸ்கி 375 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் சரிபாதி. கன்டென்ஸ்டு மில்க் 400 கிராம், ஒரு டின். கிரீம் 250 மில்லி. இன்ஸ்டன்ட் காபித் தூள் 2 தேக்கரண்டி, கோகோ பவுடர் 1 மேசைக்கரண்டி, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. காபியும் கோகோவும் கரைக்க 30 மில்லி வெந்நீர்.

விஸ்கியைப் பற்றி முதலில். புகை வாசனை தூக்கலாக இருக்கும் வகை வேண்டாம், அது கிரீமோடு சேரும்போது கருகிய பால் மாதிரி ஆகிவிடும். மென்மையான ஐரிஷ் விஸ்கி இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் தொண்டையை அறுக்காத எந்த விஸ்கியும் போதும். விலை உயர்ந்த, வருஷக்கணக்கில் ஊறிய பாட்டிலை இதற்காகத் திறக்க வேண்டாம். அதன் நுணுக்கமெல்லாம் சர்க்கரைக்கும் கோகோவுக்கும் கீழே காணாமல் போய்விடும். அதற்காகத் தனியாகக் குடிக்கவே முடியாத மட்டமான சரக்கை கிரீம் மறைத்துவிடும் என்றும் நம்பாதீர்கள், மறைக்காது. டார்க் ரம், பிராந்தி இரண்டும் நன்றாகவே வரும். உரிமம் உள்ள கடையில், சீல் உடையாத பாட்டிலாக மட்டும் வாங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாராயம், ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்குமான ஸ்பிரிட், இவையெல்லாம் கண்ணையும் உயிரையும் பறிக்கிற மெத்தனால் கலந்ததாக இருக்கலாம், பார்வைக்கோ வாசனைக்கோ வித்தியாசம் தெரியாது. வீட்டில் காய்ச்சுவதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை, பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். விலைக்கு வாங்கிய மதுவில் கிரீம் கலக்குவது மட்டும்தான் நாம் செய்யப்போவது.

கிரீமில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் பக்கவாட்டில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். 30 முதல் 35 சதவீதம் இருந்தால் அருமை. 20, 25 சதவீத கிரீமிலும் செய்யலாம், கொஞ்சம் நீர்த்து இருக்கும், அவ்வளவுதான். கொழுப்பு குறையக் குறைய புரதத்தின் பங்கு கூடும், திரிகிற வாய்ப்பும் கூடும். அதனால் கிரீமுக்குப் பதில் வெறும் பாலை ஊற்றி ஒப்பேற்றலாம் என்று நினைக்க வேண்டாம். புளித்த கிரீம் கூடவே கூடாது. கேக் அலங்காரத்துக்கு விற்கும் தாவர எண்ணெய் கிரீமும் வேண்டாம், அது நாக்கில் மெழுகு மாதிரி படியும். நீண்டநாள் கெடாமலிருக்கப் பதப்படுத்திய பெட்டி கிரீம் தாராளமாகப் பயன்படுத்தலாம், அதில் பெரும்பாலும் கேரகீனன் என்ற கடற்பாசிப் பொருள் சேர்த்திருப்பார்கள், அது கொழுப்பு மேலே மிதந்து பிரிவதைத் தடுக்கும். நமக்கு லாபம்தான்.

டின்னில் இருப்பது இனிப்பான கன்டென்ஸ்டு மில்க்தானா என்றும் ஒருமுறை பாருங்கள். பக்கத்திலேயே அதே மாதிரி டின்னில் இனிப்பில்லாத எவாப்பரேட்டட் மில்க் விற்பார்கள். அதை மாற்றி எடுத்து வந்துவிட்டால் இனிப்பும் இருக்காது, சர்க்கரையின் காவலும் இருக்காது.

கோகோவில் டச் முறையில், அதாவது புளிப்பைக் குறைக்கும் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது கிடைத்தால் அதையே எடுங்கள். நிறம் கருப்பாக இருக்கும், புளிப்பு குறைவு. சாக்லேட்டை உருக்கி ஊற்றச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. எனக்கு அது பிடிக்காது. சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் ஃப்ரிட்ஜுக்குள் போனதும் உறைந்து மணல் மாதிரி நாக்கில் நெருடும். கோகோ பவுடரில் அந்தத் தொல்லை குறைவு.

ஆல்கஹால் கணக்கு

ஒரு நிமிஷ வேலைதான், ஆனால் தெரிந்து வைத்திருந்தால் எந்த மாற்றம் செய்தாலும் பயமில்லாமல் செய்யலாம். 375 மில்லி விஸ்கியில் 40 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 150 மில்லி. கன்டென்ஸ்டு மில்க் கனமானது, 400 கிராம் என்பது சுமார் 305 மில்லிதான். எல்லாம் சேர்த்து 960 மில்லி. 150-ஐ 960-ஆல் வகுத்தால் 15.6 சதவீதம். லிக்யூர் என்று பெயர் போட்டு விற்க ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 15 சதவீதம், அதைத் தொட்டுவிட்டோம். 20-க்கு மேலே ஏற்ற ஆசைப்பட வேண்டாம். கிரீம் அங்கேதான் முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும். உங்களிடம் 60 சதவீத மது இருந்தால் அதை 250 மில்லி எடுத்து, 125 மில்லி தண்ணீர் சேர்த்து 40-க்கு இறக்கிக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

முந்தின நாள்

கன்டென்ஸ்டு மில்க், விஸ்கி, கிரீம் மூன்றையும் முந்தின நாளே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கன்டென்ஸ்டு மில்க் குளிர்ந்தால் ரொம்பக் கெட்டியாகிவிடுமே என்று தோன்றும். கெட்டியாகத்தான் இருக்கும், விஸ்கி முதல் இரண்டு கரண்டி உள்ளே போனதும் இளகிவிடும்.

பாட்டில்களை சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிஷம் கிடத்தி எடுத்து, சுத்தமான துணியில் கவிழ்த்து வையுங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் காய வேண்டும். வாய் அகலமான, இறுக மூடுகிற கண்ணாடி பாட்டில் நல்லது. குறுகிய கழுத்துள்ள பாட்டிலில் மூன்றாம் நாள் கொழுப்பு ஏறி அடைத்துக்கொள்ளும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கலக்கும் நாள்

முதலில் காபியும் கோகோவும். ஒரு சின்னக் கிண்ணத்தில் கோகோவைப் போட்டு, வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்துக்கொண்டே வாருங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கோகோ கட்டி கட்டியாக மிதக்கும், உள்ளே உலர்ந்த மாவும் வெளியே ஈரத் தோலுமாக. பளபளவென்று கூழ் பதம் வந்ததும் காபித் தூளையும் உப்பையும் போட்டு மீதி வெந்நீரையும் விட்டுக் கரையுங்கள். இதை முழுக்க ஆற விட வேண்டும். கிண்ணத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தால் கொஞ்சமும் சூடு தெரியக் கூடாது. அவசரமென்றால் கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் வையுங்கள்.

அடுத்து ஒரு பெரிய பாத்திரத்தில் கன்டென்ஸ்டு மில்க்கை முழுக்க வழித்துப் போடுங்கள். ஆறிய காபி கோகோ கரைசலையும் வெனிலாவையும் அதில் விட்டு நிறம் ஒன்றாகும்வரை கலக்குங்கள்.

இப்போது விஸ்கி. இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். முதலில் ஒரே ஒரு மேசைக்கரண்டி விஸ்கியை விட்டுக் கம்பிக் கரண்டியால் கலக்குங்கள். கலவை வழவழவென்று கயிறு கயிறாக இழுபடும், விஸ்கி அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும், சேராதது போலவே இருக்கும். விடாமல் பாத்திரத்தின் ஓரத்தை வழித்து வழித்துக் கலக்கினால் கால் நிமிஷத்தில் உள்ளே போய்விடும். இன்னொரு கரண்டி. அதுவும் மறைந்தபிறகு இன்னொன்று. நாலைந்து கரண்டி போனதும் கலவை சட்டென்று இளகிக் கரண்டியிலிருந்து ஒழுகத் தொடங்கும். அதற்குப் பிறகு விஸ்கியை நூல் மாதிரி மெல்லிய தாரையாக விடலாம், ஒரு கை ஊற்ற, மறு கை கலக்க. மொத்தமும் உள்ளே போக நாலைந்து நிமிஷம் பிடிக்க வேண்டும். அதைவிடச் சீக்கிரம் முடிந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். கன்டென்ஸ்டு மில்க்கும் விஸ்கியும் மட்டும் இருக்கும் இந்தக் கட்டத்தில், மிகக் குறைந்த வேகத்தில், ஆகும். கிரீம் சேர்ந்த பிறகு ஆகவே ஆகாது. மிக்ஸியின் கத்தி கிரீமை முதலில் நுரைக்க வைக்கும், அப்புறம் வெண்ணெயாகத் திரட்டிவிடும். பல பேர் திரிந்துவிட்டது என்று நினைப்பது உண்மையில் திரண்ட வெண்ணெய்தான். சூடான எதையும் மிக்ஸியில் போட்டு மூடவும் வேண்டாம், ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும்.

கடைசியாக கிரீம். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்து, பெட்டியை மெதுவாக ஒருமுறை ஆட்டி, மூன்று நாலு பாகமாக ஊற்றுங்கள். இங்கே கம்பிக் கரண்டியால் அடிக்கக் கூடாது. தட்டையான கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலந்தாலே போதும். நுரை வந்தால் கை வேகமாகப் போகிறது என்று அர்த்தம்.

சரி, திரியவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுத்தமான கண்ணாடி கிளாஸில் இரண்டு கரண்டி ஊற்றி, சாய்த்து, உள்பக்கம் முழுக்கப் படியவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கண்ணாடியில் ஒரே சீரான திரை மாதிரி வழிந்து இறங்கினால் நன்றாக வந்திருக்கிறது. அந்தத் திரையில் வெள்ளைப் புள்ளிகள், ரவை மாதிரி, தெரிந்தால் புரதம் கட்டியிருக்கிறது. கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது கோகோ மட்டும், கவலை வேண்டாம்.

எப்படி இருந்தாலும் ஒருமுறை மெல்லிய வடிகட்டியில் வடித்துத்தான் பாட்டிலில் நிரப்ப வேண்டும். கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள், குலுக்க இடம் வேண்டும்.

ஒரு நாள் பொறுங்கள்

செய்த அன்றைக்கே ருசி பார்த்து முடிவு கட்டாதீர்கள். முதல் நாள் விஸ்கி தனியாக, காபி தனியாக, இனிப்பு தனியாக நாக்கில் தட்டும். ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் இருந்தபிறகு எல்லாம் ஒன்றோடொன்று இழைந்திருக்கும், விஸ்கியின் காரம் நன்றாக அடங்கியிருக்கும். பண்டிகைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே செய்துவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஒரு வாரத்துக்கும் மேல் முன்கூட்டிச் செய்யவும் வேண்டாம், நல்ல நாள்களெல்லாம் ஃப்ரிட்ஜிலேயே கழிந்துவிடும்.

மறுநாள் குளிர்ந்த நிலையிலேயே ருசி பாருங்கள், ஏனென்றால் குளிர் இனிப்பைக் குறைத்துக் காட்டும், குடிக்கப்போவதும் குளிராகத்தானே. அப்போதும் திகட்டினால் இன்னும் 50 மில்லி கிரீமும் ஒரு துளி உப்பும் சேர்க்கலாம், அடுத்த முறை கன்டென்ஸ்டு மில்க்கை 300 கிராமாகக் குறைத்துக்கொள்ளலாம். காரம் தூக்கலாக இருந்தாலும் மருந்து கிரீம்தான். விஸ்கி போதவில்லை என்று பட்டால் மட்டும் பாட்டிலில் நேராக ஊற்றாமல், ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் லிக்யூரை எடுத்து அதில் மெதுவாகக் கலந்து, பிறகு பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

வைத்திருப்பது

ஃப்ரிட்ஜில் 4 டிகிரி அளவில், உள்பக்கத் தட்டில். கதவுப் பக்கம் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். நீங்கள் பயன்படுத்திய கிரீம் பெட்டியில் போட்டிருக்கும் தேதிதான் லிக்யூருக்கும் கடைசித் தேதி, அது எவ்வளவு தள்ளி இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் போக வேண்டாம். ஆல்கஹால் இருக்கிறதே, கெடாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 15 சதவீதம் கிருமிகளின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. விருந்து மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாட்டில் நிற்கக் கூடாது, ஐஸ் வாளிக்குள் இருந்தால் வேறு. ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்து இளகும்போது கொழுப்பும் நீரும் பிரிந்துவிடும்.

இரண்டு மூன்று நாளில் பாட்டிலின் கழுத்தில் வெள்ளையாக ஒரு கட்டி ஏறி அடைத்துக்கொண்டால் பயப்பட வேண்டாம். கொழுப்பு இலேசானது, மேலே ஏறுகிறது. மூடியைப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குலுக்கினால், இல்லை வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை ஒரு நிமிஷம் பிடித்துவிட்டுக் குலுக்கினால் திரும்பச் சேர்ந்துவிடும். அடியில் கோகோ படிவதும் அப்படியே, குலுக்கினால் போதும். ஃப்ரிட்ஜில் ரொம்பக் கெட்டியாகி ஊற்றவே வராவிட்டால் இரண்டு மூன்று கரண்டி குளிர்ந்த பால் சேருங்கள்.

குலுக்கியும் சேராமல் ரவை ரவையாக நின்றால், மோந்து பாருங்கள். செய்த அன்றோ மறுநாளோ இப்படி ஆகி, வாசனை நன்றாக இருந்தால், கலக்கும்போது புரதம் கட்டியதுதான். வடித்துவிட்டு கேக்கிலோ புட்டிங்கிலோ ஊற்றிச் செலவழிக்கலாம். புளித்த வாடை அடித்தாலோ, மூடியைத் திறக்கும்போது காற்று சீறினாலோ, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ருசி பார்த்துச் சோதிக்கவும் வேண்டாம்.

வாசனை மாற்றிப் பார்க்க

ஒரு தடவை அடிப்படையில் நன்றாக வந்தபிறகு விளையாடலாம். ஒரே விதி, வாசனைப் பொருள்களைக் கிரீமில் ஊறவைக்காமல் மதுவில் ஊறவைக்க வேண்டும். ஆல்கஹால் வாசனையை நன்றாக இழுக்கும், கெடவும் கெடாது. ஒரு பட்டைத் துண்டு இரண்டு நாள். ஏலக்காய் நாலைந்தை நசுக்கிப் போட்டால் ஒரு நாள் தாராளம். கிராம்பு இரண்டே இரண்டு, அதுவும் சில மணி நேரம்தான், மறந்தால் பல்வலி மருந்து வாடை வந்துவிடும். வறுத்த காபிக் கொட்டையை ஒன்றிரண்டாக உடைத்து ஒரு நாள் ஊறவைத்தால் இன்ஸ்டன்ட் காபியே தேவையில்லை, வாசனை வேறு தரத்தில் இருக்கும். ஆரஞ்சு வேண்டுமென்றால் தோலின் மேல்பக்க நிறப் பகுதியை மட்டும் சீவிப் போடுங்கள். உள்பக்க வெள்ளை கசக்கும், சாறு கிரீமைத் திரித்துவிடும். தினமும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, போதும் என்று பட்டதும் வடித்துக் குளிரவைத்து, மேலே சொன்ன முறையிலேயே தொடரலாம்.

கிரீமுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப் பால், விஸ்கிக்குப் பதில் ரம், இதுவும் அருமையான ஜோடி. அது ஃப்ரிட்ஜில் கல் மாதிரி இறுகும், ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். பச்சை முட்டை சேர்க்கிற குறிப்புகளைப் புதியவர்கள் தள்ளிவையுங்கள். முட்டை கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மஞ்சள் கருவைக் கிரீமோடு கலந்து, மெல்லிய தீயில் விடாமல் கிளறி 71 டிகிரிக்கு ஏற்றி, முழுக்கக் குளிரவைத்த பிறகே மதுவோடு சேர்க்க வேண்டும், சமையல் தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

ஊற்றிக் கொடுக்கும்போது

நன்றாகக் குலுக்கி, சின்னக் கிளாஸில், பெரிய ஐஸ் கட்டி ஒன்றோடு. சூடான காபியில் சேர்ப்பதாக இருந்தால் காபியை ஒரு நிமிஷம் ஆறவிட்டு ஊற்றுங்கள், கொதிக்கக் கொதிக்க இருக்கும் கறுப்புக் காபியில் வீட்டு லிக்யூர் சில சமயம் திரியும். எலுமிச்சைச் சாறு, கோலா, டானிக் வாட்டர், ஒயின், இவற்றோடு கலக்கவே வேண்டாம், கிளாஸிலேயே தயிராகிவிடும். ஐஸ்கிரீம் மேல் இரண்டு கரண்டி விட்டுக் கொடுத்தால் அதற்கு மேல் இனிப்பே தேவைப்படாது.

குடிக்க இதமாக இருப்பதால் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாது. 50 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 6 கிராம், மூன்று கிளாஸ் போனால் 18 கிராம். வண்டி ஓட்ட வேண்டியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கொடுக்காதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். பார்ப்பதற்கு அப்படியே சாக்லேட் பால் மாதிரி இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் இது உண்மையான ஆபத்து. சின்ன உடம்புக்கு ஒரு கிளாஸே அதிகம். பாட்டிலில் பெரிய எழுத்தில் மது என்று ஒட்டுங்கள், ஃப்ரிட்ஜில் கைக்கு எட்டாத மேல் தட்டில் பின்னால் தள்ளி வையுங்கள், விருந்து முடிந்ததும் மேசையில் மிச்சமிருக்கும் கிளாஸ்களை உடனே கழுவிவிடுங்கள்.

மது குடிக்காதவர்களுக்கும் ஒரு பாட்டில் தனியாகச் செய்து வைத்தால் அவர்களும் கூடவே உட்கார்ந்து கிளாஸை எடுப்பார்கள். விஸ்கிக்குப் பதில் திக்கான, நன்றாக ஆறிய டிகாக்‌ஷன் 200 மில்லி, மற்றதெல்லாம் அதே அளவு, அதே வரிசை. ஆல்கஹால் இல்லாததால் மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி பாட்டிலில் மட்டும் வைக்காதீர்கள்.

யாருக்காவது பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், பாட்டிலோடு ஒரு சீட்டில் நாலு விஷயம் எழுதிக் கட்டுங்கள்: செய்த தேதி, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், பாலும் மதுவும் இருக்கிறது, ஃப்ரிட்ஜில் வைத்துக் குலுக்கிக் குடிக்கவும். வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டுக்குத் தூரம் அதிகமென்றால் ஐஸ் பையோடு கொடுத்தனுப்புங்கள்.